கேட்லோ கடை நீலம்

கிளெம் வாம்ஸ்லி முப்பது வருடம் வட இங்கிலாந்தில் பாடிஹாமுக்கும் பர்ன்லிக்கும் இடையே மாடி பஸ் ஓட்டியவர். பனி உறைந்த இறக்கத்திலும் மூடுபனியிலும் ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை என்று டிப்போவில் அவருக்குப் பெயர் இருந்தது. யாராவது அதைப் பாராட்டினால், "அதுல திறமை ஒண்ணும் இல்ல. எல்லாம் பயம்தான்" என்பார். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல. ஏணி என்றால் பயம், ஆற்றுப்பாலம் என்றால் பயம், டாக்டர் என்றால் பயம், தபால்காரர் கதவை இரண்டாம் முறை தட்டினாலும் பயம். எல்லாவற்றுக்கும் மேலே நெருப்புப் பயம்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது எதிர்வரிசை வீட்டில் மண்ணெண்ணெய் கணப்பு கவிழ்ந்து, தீ திரைச்சீலையில் பற்றி, வீடு கண்ணெதிரே எரிந்தது. ஒரு பெண்ணைக் கம்பளத்தில் சுற்றி வெளியே தூக்கி வந்தார்கள். கம்பளத்துக்கு வெளியே ஒரு பாதம் மட்டும் தெரிந்ததாம், செருப்போடு. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்துபோய் என் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் வாழ்த்தலாம்.

அவர் மனைவி ஹெட்டி எதற்கும் அஞ்சாதவர். பதினைந்து வயதிலிருந்து மில்லில் நெசவு. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் நெசவுப் பெண்கள் எல்லோரும் குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அகலமாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். மில் மூடிப் பல வருடம் ஆகியும் ஹெட்டிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதே நாலு வரிசை தள்ளி உட்கார்ந்த தோழியோடு ஊர்வம்பு முழுவதையும் சத்தமில்லாமல் பேசி முடித்துவிடுவார். கிளெமுக்கும் அந்த உதட்டுப் பாஷை படிக்கத் தெரியும். "சத்தமில்லாம என்னைத் திட்டுவா. என்னன்னு தெரிஞ்சுக்கணுமில்ல" என்பார்.

எங்கள் தெருவில் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் பழைய சாமான்களில்தான் வந்து நிற்கும். வட்ட டப்பாவில் கட்டியாக வந்த ரோஸ் நிறப் பல் மருந்து. கண்ணாடி மூடி போட்ட தகரப் பெட்டிகளில் உதிரியாக விற்ற பிஸ்கட். கையெல்லாம் சிவக்க வைக்கும் கார்பாலிக் சோப்பு. மாட்டுக்குடல் விற்கும் கடை, செருப்புத் தைக்கும் கடை, கம்பளி நூல் கடை. அவற்றையெல்லாம் விட கேட்லோ இரும்புக் கடை. ஆணி ஒன்று வேண்டும் என்றாலும் ஒன்றாகவே கொடுப்பார்கள். உள்ளே போனால் மண்ணெண்ணெய், கயிறு, மெழுகு, சோப்பு எல்லாம் கலந்த ஒரு வாசனை. பெரியவர் கேட்லோவுக்குப் பிறகு அவர் மகள் மிஸ் ஐவி கேட்லோதான் அதை நடத்தினார். புறவழிச்சாலையில் பெரிய சூப்பர்மார்க்கெட் வந்த பிறகு அவரும் கடையைச் சாத்தினார். கண்ணாடியில் உள்பக்கமாகச் சுண்ணாம்பு பூசிவிட்டு, சவுத்போர்ட்டில் இருக்கும் அண்ணன் மகனிடம் போய்விட்டார் என்று கேள்வி.

"அந்தக் கடை வாசனைய ஒரு புட்டியில பிடிச்சு வச்சிருக்கணும்" என்பார் ஹெட்டி. "இப்ப எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல ஒட்டிக் குடுக்கிறான். மோந்து பாக்க முடியுதா, தட்டிப் பாக்க முடியுதா? நோயாளிய ஆஸ்பத்திரியில பாக்கிற மாதிரி கண்ணாடி வழியா பாத்துட்டு வர வேண்டியிருக்கு."

கிளெம் அந்தப் பேச்சில் சேரமாட்டார். "போனது போகட்டும். பாதி ஊர எரிச்ச சாமான்தான் எல்லாம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார்.

கடை மூடிப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு அக்டோபர் மாதம் இது தொடங்கியது.

முதலில் துணி. ஹெட்டி கொடியில் போட்ட வெள்ளைப் போர்வைகள் பழைய காலத்துப் போர்வைகள் போல லேசான நீலச் சாயலோடு பளிச்சென்று ஆடின. கிளெம் பின்கட்டுத் தொட்டியில் ஒரு சின்னத் துணி முடிச்சைப் பார்த்தார். உள்ளே நீலக் கட்டி. துணிக்குப் போடும் நீலம். அதை யாரும் பார்த்தே எத்தனையோ வருடம்.

"இது எங்க கிடைச்சுது புள்ள?"

"கேட்லோ கடையில" என்றார் ஹெட்டி, துணியைப் பிழிந்துகொண்டே. சொன்ன கையோடு அவர் கை நின்றது. "சும்மா சொன்னேன். பழசு ஒண்ணு அலமாரியில கிடந்துச்சு."

கிளெம் சிரித்தார். பிறகு கூடத்துக்குப் போய் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த அலமாரியை அவர்தான் கோடையில் ஒழித்து வண்ணம் அடித்திருந்தார். அதில் நீலம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வாசற்படியின் விளிம்பு வெண்ணெய் நிறத்தில் மின்னியது. என் சின்ன வயதில் தெரு முழுக்கப் பெண்கள் முட்டிபோட்டு, அதற்கென்றே உள்ள கல்லால் படியைத் தேய்ப்பார்கள். அந்தக் கல் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. பிறகு குளியலறையில் சிவப்பு சோப்பு. பிறகு கழிவறையில் அந்தக் காலத்து மொடமொடத்த, வழவழத்த காகிதம். ஒவ்வொன்றாக வந்தது. கிளெம் சந்தைக் கடைகளில் போய் விசாரித்தார். "எந்தக் காலத்துல இருக்கீங்க தாத்தா?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

ஒரு மாலை அவர் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். டீயைத் தொடவே இல்லை.

"கண்ணு, ஹெட்டியோட அம்மாவ உனக்கு ஞாபகம் இருக்கா?"

எனக்கு லேசாக ஞாபகம் இருந்தது. கடைசிக் காலத்தில் அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு, எப்போதோ இடித்துத் தள்ளிய ரொட்டிக் கடையைத் தேடிப் போவார். அக்கம்பக்கத்தார் யாராவது திருப்பிக் கூட்டி வருவார்கள். ஒரு மார்ச் மாதம் யார் கண்ணிலும் படாமல் போய்விட்டார். மறுநாள் ஆற்றோரம் கிடைத்தார். கூடை கையிலேயே இருந்தது.

"அதுவும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார் கிளெம். "கடை பேரச் சொல்லுவாங்க. அப்புறம் சும்மா சொன்னேன்னுவாங்க."

"ஆனா கிளெம், உங்க மாமியார் வெறுங்கூடையோடதான வருவாங்க? ஹெட்டி சாமானோட வர்றாங்களே."

"அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு."

டாக்டரிடம் சொல்லலாமே என்றேன். தலையை ஆட்டினார். "டாக்டர் ஒண்ணு கேப்பார், ரெண்டு கேப்பார். அப்புறம் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கல்யாணமாகி நாப்பத்திரண்டு வருசம் ஆச்சு கண்ணு. நான் தனியா முட்டைகூட வேக வச்சதில்ல."

அன்று முதல் அவர் ரகசியமாகக் காவல் இருக்கத் தொடங்கினார். தீப்பெட்டிகளை ஒளித்து வைத்தார். கேஸ் குழாயின் தாய்த்திருகை மூடிவிட்டு, ஹெட்டி டீ போட வரும்போது ஓடிப்போய்த் திறந்தார். ஆற்றுப்பக்கம் போகும் சந்துக் கதவுக்குப் பூட்டு போட்டார். நாலே நாளில் ஹெட்டி என்னிடம் வந்து நின்றார்.

"கிளெமுக்கு ஏதோ ஆகுது கண்ணு. தீப்பெட்டி எல்லாம் அவன் மழை பூட்ஸுக்குள்ள இருக்கு. நான் கேட்டா எலி தூக்கிட்டுப் போயிருக்கும்கிறான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கலக்கமும் வந்தது. அந்தச் செங்கல் சுவருக்கு அப்பால் இரண்டு பேர், ஒருவருக்குப் புத்தி பேதலிக்கிறது என்று மற்றவர் நம்பி, ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நேராகக் கேளுங்கள் என்று இருவரிடமும் சொன்னேன். இருவருமே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

நவம்பரில் ஒரு புதன்கிழமை மதியம் கிளெம் ஹெட்டியின் பின்னாலேயே போனார். மூடுபனி தெருவிளக்குக் கம்பத்தின் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. முன்னால் போகும் பச்சைத் தலைத்துணியை மட்டும் கண்ணில் பிடித்துக்கொண்டு நடந்தார். ஹெட்டி கையில் பை. சர்ச்சைத் தாண்டி, பழைய சந்தைத் தெருவில் திரும்பி, கேட்லோ கடையின் பக்கச் சந்துக்குள் போனார். கிளெம் சந்து முனைக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. இடுப்பளவு காஞ்சொறிச் செடி, ஒரு மதில், அவ்வளவுதான்.

அவர் கடையின் முன்பக்கம் வந்து நின்றார். கண்ணாடியில் அதே சுண்ணாம்பு. கதவில் அதே பலகை. ஆனால் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. சுண்ணாம்புக்குப் பின்னால் மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது. உள்ளே கடை மணி ஒலித்தது. யாராவது கதவைத் திறந்து நுழைந்தால் அடிக்கும் மணி.

கிளெம் திரும்பி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை.

ஹெட்டி திரும்பி வந்தபோது கன்னம் சிவந்து, உற்சாகமாக இருந்தார். கோட்டில் மண்ணெண்ணெய் வாசனை.

"எங்க போன?"

"லைப்ரரிக்கு."

புதன்கிழமை மதியம் எங்கள் ஊர் லைப்ரரி திறக்காது. கிளெம் அந்தக் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் பார்த்தால் முகம் வற்றிக் கிடந்தது. தன் மனைவிக்குப் புத்தி பிசகியிருந்தால் ஒரு துன்பம். ஆனால் அந்த மணியைத் தன் காதாலேயே கேட்டிருக்கிறாரே, அப்படியானால் பிசகியது யாருக்கு? அதை அவர் என்னிடம் சொன்னது டிசம்பரில், அந்த நாளன்றுதான்.

அன்று உறைபனி. குழாய்களில் தண்ணீர் நின்றுவிட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கதவு தட்டப்பட்டது. கிளெம் நின்றார், கோட்டு இல்லாமல்.

"ஹெட்டி மத்தியானம் போனா. இன்னும் வரல. இருட்டிக்கிட்டு வருது."

"போலீஸுக்குப் போன் பண்ணுவமா?"

"மொதல்ல அந்தக் கடையில பாத்துரலாம். நீ கூட வா கண்ணு. தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு." போகும் வழியிலேயே மணியையும் வெளிச்சத்தையும் பற்றிச் சொன்னார். "பேய்க்கதை சொல்றேன்னு நினைக்காத. நான் பாத்தேன். ஒருவேளை பாக்கலையோ என்னவோ."

கடையின் முன்பக்கம் வந்தோம். வெளிச்சம் இருந்தது. நானும் பார்த்தேன். கிளெம் என் கையைப் பிடித்தார். தனக்குப் பைத்தியம் இல்லை என்ற நிம்மதியோ என்னவோ, "தெரியுதா, உனக்கும் தெரியுதா?" என்று கேட்டார். கதவைத் தட்டினோம். கூப்பிட்டோம். பதில் இல்லை. சுண்ணாம்பு உரிந்து ஒரு பென்னிக் காசு அளவு கண்ணாடி தெளிவாக இருந்த இடத்தில் நான் கண்ணை வைத்தேன்.

உள்ளே கடை இருந்தது. மூடிய கடை அல்ல, கடை. அலமாரிகளில் வரிசையாக டப்பாக்கள், சோப்புக் கட்டிகள், மெழுகுவர்த்திகள், உத்தரத்திலிருந்து தொங்கும் வாளிகள், தராசு, கயிற்று உருண்டை. கல்லாமேசைக்கு அந்தப் பக்கம் பழுப்பு நிற மேலங்கியோடு ஒரு கிழவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை மேசைமேல் சாய்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஹெட்டி. இருவருக்கும் நடுவே ஒரு மண்ணெண்ணெய் கணப்பு, நீலமாக எரியாமல் மஞ்சளாகப் புகைந்து எரிந்துகொண்டிருந்தது. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றிலும் குளிர் வராதபடி கந்தலும் செய்தித்தாளும் திணித்திருந்தார்கள்.

"மிஸ் கேட்லோ" என்றேன். "சவுத்போர்ட்ல இல்ல, இங்கதான் இருக்காங்க. ஹெட்டியும் இருக்காங்க. ஆனா ரெண்டு பேரும் அசையல."

கிளெம் என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தார். ஹெட்டியின் முகம் மெல்லத் திரும்பியது. கண்கள் பாதி திறந்திருந்தன. எழ முயன்றார், கால் எழவில்லை. வாய் மட்டும் அசைந்தது. சத்தமே இல்லாமல், தறிக்கு முன்னால் நிற்பது போல, உதடுகள் அகலமாகத் திறந்து மூடின. மறுபடியும் அதையே சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிளெமின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது என்பது தெரிந்தது.

"என்ன சொல்றாங்க?"

அவர் என்னைத் தெருப்பக்கம் திருப்பித் தள்ளினார். "முனையில போன் இருக்கு. ஓடு" என்றார்.

நான் ஓடினேன். போன் கூண்டுக்குள் நின்று எண்ணைச் சுழற்றும்போது கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. உடைந்த கண்ணாடியைக் கண்டால் தெருவையே மாற்றி நடக்கும் மனிதர், மதிலிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து அந்த ஜன்னலை உடைத்திருந்தார். நான் திரும்பி வந்தபோது ஹெட்டி நடைபாதையில் கிடந்தார், கிளெமின் ஸ்வெட்டர் தலைக்கு அடியில். முகம் செக்கச்சிவந்திருந்தது, வெயிலில் வேலை செய்தவர் போல. மூச்சு இருந்தது.

கிளெம் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் ரத்தம். உள்ளே போகவில்லை. விலகி வரவும் இல்லை. ஒரு கால் விளிம்பின்மேல் இருந்தது. உள்ளே கணப்பு கவிழ்ந்திருந்தது. ஜன்னல் வழியாக இழுத்து வரும்போது ஹெட்டியின் கோட்டு பட்டு விழுந்திருக்க வேண்டும். தரையில் சின்னதாக நெருப்பு ஓடியது.

"கிளெம்" என்றேன்.

"தெரியும்" என்றார். நகரவில்லை.

அது எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு நீளமாகத்தான் இருந்தது. நான் அவரைத் தாண்டிப் போக ஜன்னலைப் பிடித்தேன். அப்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அழுகையா இருமலா தெரியவில்லை, எழுப்பிக்கொண்டு உள்ளே குதித்தார். தொங்கிக்கொண்டிருந்த கோணிகளைப் பிடுங்கி நெருப்பின்மேல் போட்டு மிதித்தார். பிறகு மிஸ் கேட்லோவை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார். நான் வெளியிலிருந்து வாங்கினேன். அந்த அம்மா ஒரு மூட்டைத் துணி கனம்கூட இல்லை. கடைசி வரை கிளெம் இருமிக்கொண்டே, "அணைஞ்சுதா, அணைஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவரையும் வண்டியில் ஏற்றினார்கள்.

நச்சுப்புகை என்றார்கள் ஆஸ்பத்திரியில். பழைய எண்ணெய், அழுக்குத் திரி, காற்றில்லாத அறை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இரண்டு பேருமே எழுந்திருக்கமாட்டார்கள்.

விஷயம் முழுவதும் அப்புறம்தான் வெளியே வந்தது. மிஸ் கேட்லோவுக்கு சவுத்போர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் மகனிடம், 'ஹெட்டி வாம்ஸ்லி வீட்டுல தங்கிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, கோடையிலேயே பின்வாசல் வழியாகத் தன் கடைக்குத் திரும்பிவிட்டார். மாடியில் படுக்கை. மின்சாரம் இல்லை. சந்தில் ஒரு நாள் ஹெட்டி புகையைப் பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவார்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார் மிஸ் கேட்லோ.

"வாரத்துக்கு ரெண்டு தடவை போவேன்" என்றார் ஹெட்டி, வீட்டுக்கு வந்த பிறகு, என் சமையலறையில். "பையில பால், ரொட்டி, இறைச்சிப் பணியாரம் கொண்டு போவேன். காஞ்சொறிக்குப் பின்னால மறைஞ்சிருக்கிற பின்வாசல் வழியா உள்ள நுழைஞ்சு, முன்கதவுகிட்ட இருக்கிற மணிய அடிச்சுட்டு மேசைக்கு வருவேன். அவ மேசைக்குப் பின்னால நிப்பா. 'என்ன வேணும் மிஸஸ் வாம்ஸ்லி'ம்பா. நான் நீலம்னு கேப்பேன். பழுப்புக் காகிதத்துல மடிச்சு, கயிறு கட்டி, கயித்த விரல்லயே சுண்டி அறுத்துக் குடுப்பா. செத்துப்போனவங்களப் பத்தியெல்லாம் நேத்துப் பாத்த மாதிரி பேசுவோம். என்னத்தச் சொல்றது, விளையாட்டுதான். ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் சிரிக்காம விளையாடுவோம்."

கிளெம் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் கட்டு.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே புள்ள."

"உங்கிட்டயா? மண்ணெண்ணெய்னு சொன்னதுமே தீயணைப்பு வண்டியக் கூப்பிட்டிருப்ப."

"கூப்பிட்டிருப்பேன்."

ஹெட்டி அவரை நேராகப் பார்த்தார். "நான் ஒண்ணு கேக்கறேன். ஜன்னல் வழியா நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. இருவரும் என்னை மறந்துவிட்டார்கள்.

"புரிஞ்சுது."

"என்ன சொன்னேன்?"

"ஐவிய மொதல்ல எடுன்னு சொன்ன."

"அப்புறம்?"

கிளெம் கட்டுப் போட்ட கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். "ரெண்டாவது தடவை உள்ள போக எனக்குத் தைரியம் வருமான்னு தெரியல. ஒரு தடவைதான் முடியும்னா... அந்த ஒரு தடவை யாருக்குன்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

ஹெட்டி எழுந்து தன் டீக்கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு பல வாரம் கிளெமோடு பேசவே இல்லை. சமைத்தார், துவைத்தார், அவர் கைக்கட்டை மாற்றினார். ஆனால் அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு உதட்டை அசைப்பார். என்ன சொல்கிறார் என்று படிக்க முடியாமல் கிளெம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மிஸ் கேட்லோ பிழைத்தார். ஆனால் முழுதாக அல்ல. ஹெட்டியைவிட அதிக நேரம் அந்தப் புகைக்குள் இருந்தவர், வயதிலும் பத்து வருடம் மூத்தவர். நினைவு அங்குமிங்கும் அறுந்துவிட்டது. குன்றின்மேல் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். எந்த இடத்துக்குப் பயந்து அவர் ஒளிந்திருந்தாரோ, அதே இடம்.

அண்ணன் மகன் கடையை ஒழித்தபோது ஊரே வந்து நின்றது. குப்பை வண்டித் தொட்டிக்குள் டப்பாக்களும் சோப்புகளும் கொட்டக் கொட்ட, ஆளாளுக்கு ஒன்று எடுத்து மூக்கில் வைத்து, "ஐயோ, எங்கம்மா வாசனை" என்றார்கள். சிலர் அழுதார்கள். நானும் ஒரு சோப்பு எடுத்துக்கொண்டேன். ஹெட்டி எதிர்நடைபாதையில் கைகட்டி நின்றார். "கடை தொறந்திருந்தப்ப இதுல ஒரு முகத்தையும் நான் உள்ள பாத்ததில்ல" என்றார், சத்தமாகவே. கிளெம் கூட்டத்துக்குள் புகுந்து, சிகரெட் பிடிப்பவர்களைத் தேடித் தேடி, "அணைச்சிடுப்பா, உள்ள எண்ணெய் டின் இருக்கு, அணைச்சிடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமைகளில் ஹெட்டி மிஸ் கேட்லோவைப் பார்க்கப் போனார். கொஞ்ச நாளில் கிளெமும் கூடப் போகத் தொடங்கினார். ஹெட்டி கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. முதல் நாள் அவர் அறைக்குள் கால் வைத்ததும் மிஸ் கேட்லோ போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அலறினார். "ஜன்னல உடைச்சவன். அவன்தான். அவன உள்ள விடாதீங்க." செவிலிப்பெண் வந்து கிளெமை வெளியே போகச் சொன்னாள். மற்ற எல்லாம் அறுந்துபோன அந்தத் தலையில், உடைந்த ஜன்னலும் அதன் வழியாக வந்த மனிதரும் மட்டும் அப்படியே தங்கியிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் போனார். தாழ்வாரத்தில் நாற்காலியில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்காருவார். உள்ளே போகமாட்டார். "என் ஆயுசுல யாரும் என்னைப் பாத்துப் பயந்ததில்ல கண்ணு" என்றார் ஒரு முறை, என்னிடம். "ஒரு நாய்கூடப் பயந்ததில்ல. பயம் எப்படியிருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். அத நான் இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன்."

"நீங்க அவங்க உயிரக் காப்பாத்துனீங்க கிளெம்."

"ரெண்டாவதா" என்றார்.

அவரோடு ஹெட்டி மறுபடி பேசத் தொடங்கியது எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு நாள் சுவருக்கு அப்பாலிருந்து, "கிளெம், என் தீப்பெட்டி எங்க?" என்று கத்தல் கேட்டது. நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றேன்.

அடுத்த வசந்தத்தில் ஒரு புதன்கிழமை, நானும் அவர்களோடு போயிருந்தேன். ஹெட்டி மிஸ் கேட்லோவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாட்டு மேசை ஒன்று தள்ளி வைத்திருந்தது. மிஸ் கேட்லோ அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாழ்வாரத்தில் கிளெம் இருமினார். கதவு திறந்துதான் இருந்தது.

"யாரு அங்க நிக்கிறது?" என்றார் மிஸ் கேட்லோ. "உள்ள வாங்க. கதவ மறிச்சு நிக்காதீங்க, மத்தவங்க வரணும்."

ஹெட்டியின் சீப்பு நின்றது. கிளெம் எழுந்தார். வாசலுக்கு வந்து நின்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அலறல் வரும் என்று காத்திருக்கும் முகம்.

"என்ன வேணும்?" என்றார் மிஸ் கேட்லோ.

கிளெம் ஹெட்டியைப் பார்த்தார். ஹெட்டி உதட்டை அசைத்தார், இந்த முறை அவருக்கு நேராக. கிளெம் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தார்.

"மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட், மிஸ் கேட்லோ."

அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். மருந்துப் புட்டிகள், பூச்சாடி, ஜன்னல். எதையோ தேடும் கண் ஜன்னலில் கொஞ்சம் நின்றது.  பிறகு அவர் தலையை ஆட்டினார்.

"தீர்ந்துபோச்சு. அடுத்த வாரம் வந்து பாருங்க."

"வர்றேன்" என்றார் கிளெம்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.  அடுத்த புதன்கிழமை காலையில் அவர் என் வீட்டுக்கு வந்து, "மறுபடி அலறுவாங்களோ கண்ணு?" என்று கேட்டார். ஹெட்டி கோட்டு மாட்டும் முன்பே அவர் தொப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.